மேல்துணி மட்டும் போதும்

கொழும்பில் இருந்துகொண்டு குயில்ட் தைக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே தலையைத் தூக்கி ஃபானைப் பார்க்கிறார்கள். நியாயம்தான். வருடம் முழுக்கப் பகலில் முப்பது பாகையைச் சுற்றியே நிற்கிற ஊர். இரவிலும் ஃபான் ஓடாவிட்டால் தலையணை நனைந்துவிடும். பஞ்சு வைத்த போர்வை இங்கே, மலைநாட்டுக் குளிருக்கு நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் யாரிடமாவது இரவல் வாங்கிப் போகிற பொருள். அதனால் இப்போதெல்லாம் கேள்வி வருமுன்பே சொல்லிவிடுகிறேன்: நான் தைப்பது குயில்டின் மேல்துணியை மட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. குயில்ட் மூன்று படை கொண்டது. மேலே சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துத் தைத்த முகம். நடுவில் பஞ்சு. அடியில் முதுகுத் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டி, பஞ்சு நகராமல் கட்டிப்போடுவது கடைசி வேலை. அந்தக் கடைசி வேலைக்குச் சட்டகம் வேண்டும், அல்லது மூன்று படையையும் சுருக்கமில்லாமல் விரிக்கச் சுத்தமான பெரிய தரையாவது வேண்டும். மேல்துணிக்கு அந்தச் சோலி ஒன்றும் இல்லை. மடி போதும். பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் வேலை முழுவதையும் வைத்து மூடிவிடலாம். வீட்டை விட்டு வந்து வாடகை அறையில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை எனக்குத் தெரியவில்லை. குரோஷே பின்னுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

எனக்கு ஊர் மட்டக்களப்பு, கல்லடி. அலுவலகம் பயிற்சிக்கென்று என்னைக் கொழும்புக்கு அனுப்பியது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில் ஒரு மாடியறை. கட்டில், அலுமாரி, பிளாஸ்ரிக் கதிரை. மேசை இல்லை. கேட்டால் வாடகை கூடிவிடுமோ என்று நானும் கேட்கவில்லை. வீட்டுக்கார அன்ரி யாழ்ப்பாணத்து மனிசி, நல்லவர், ஆனால் கரண்ட் பில் என்றால் முகம் மாறிவிடும். "அயன் பொக்ஸை கிழமைக்கு ஒருக்காப் போடுங்கோ பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை எண்டால் நல்லது" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். ஏன் ஞாயிறு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யூனிற் மலிவு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஊரில் அம்மாவின் சிங்கர் மெசின் இருக்கிறது, காலால் மிதிக்கிறது. சிங்கர் இந்தத் தீவுக்கு 1877இலேயே வந்துவிட்டது. அம்மாவுக்கு அது சீதனத்தோடு வந்தது, அப்பா கொண்டுவந்த சைக்கிளைவிட அதிகம் உழைத்தது. அதை உதயதேவி ரயிலில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவருவது நடக்கிற காரியமா? சின்ன மின் மெசின் ஒன்று வாங்கலாமே என்று சிநேகிதி சொன்னாள். அவளுக்கு அன்ரியைத் தெரியாது. அதோடு மெசினில் பட்ச்வேர்க், அதாவது துண்டிணைப்பு, தைக்கிறவர்களுக்கு மெசின் மட்டும் போதாது. ஒவ்வொரு தையலுக்கும் ஒருதரம் அழுத்த, பக்கத்தில் சூடான அயன் பொக்ஸ் வேண்டும். வெட்ட உருளைக் கத்தி, அதற்குக் கீழே போட விசேஷ பாய், எல்லாவற்றையும் வைக்க மேசை. என்னிடம் இல்லாதவற்றின் பட்டியல் அப்படியே அதுதான்.

ஆகவே காகிதம்.

காகிதம் வைத்துத் தைக்கும் முறை மிகப் பழையது, மிக எளியது. அறுகோணமாகக் காகிதத்தை வெட்டுகிறோம். அளவில் கறாராக இருக்கவேண்டியது இந்த ஒரு இடத்தில்தான். துணியை அதைவிடக் கால் அங்குலம் பெரிதாக, கண்மட்டத்துக்கு வெட்டினால் போதும். காகிதத்தைத் துணியின் பின்பக்கம் வைத்து, நான்கு பக்கமும் துருத்துகிற விளிம்பை, சரி, ஆறு பக்கமும், உள்ளே மடித்துப் பெரிய பெரிய தையலாகப் பிடித்துவிடுகிறோம். இப்படித் தயாரான இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, ஒரு விளிம்பை மட்டும் சுற்றிச் சுற்றிப் பொடித் தையலாகத் தைக்கிறோம். ஊசி மடிப்பின் இரண்டு மூன்று இழைகளை மட்டும் பிடிக்க வேண்டும், காகிதத்தைத் தொடக்கூடாது. விரித்தால் இரண்டு அறுகோணங்கள் ஒட்டி நிற்கும். ஒரு துண்டின் ஆறு பக்கமும் அயலார் வந்து சேர்ந்தபின் அதன் காகிதத்தை உருவி எடுத்து அடுத்த துண்டுக்குப் பாவிக்கலாம்.

இந்த முறையின் கெட்டித்தனம் மேசை இல்லாதவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். காகிதமே மடிப்புக்கு விளிம்பு கொடுப்பதால் அயன் தேவையில்லை, நகத்தால் நீவினால் போதும். துணியைக் கோணலாக வெட்டினால் சாதாரணமாக இழுபட்டு உருக்குலையும். உள்ளே காகிதம் இருப்பதால் அது அசையாது. அதனால் எவ்வளவு சின்ன, எவ்வளவு கோணலான மிச்சத்துணியும் உதவும். ஒரு துண்டு தைக்கச் சில நிமிடம்தான். அழைப்பு வந்தால் அப்படியே வைத்துவிட்டு எழும்பலாம், எங்கே விட்டேன் என்று தேடத் தேவையில்லை.

தொடங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 90 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அறுகோணத்தின் பக்கம் ஓர் அங்குலமாக இருந்தால் ஏறக்குறைய 2080 துண்டுகள் வேண்டும். பக்கத்தை ஒன்றரை அங்குலமாக்கினால் 925 அளவில் முடிந்துவிடும். அரை அங்குலம் கூட்டியதற்குப் பாதிக்கு மேல் வேலை குறைகிறது. இந்தக் கணக்கைப் பார்த்தபிறகும் ஓர் அங்குலத்தில் பிடிவாதமாக நிற்பவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் பின்பற்றப் போவதில்லை. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு: 19 துண்டில் ஒரு பெரிய பூ. 1930களில், பஞ்ச காலத்து அமெரிக்காவில், வீட்டுக்கு வீடு இந்தப் பூவைத்தான் தைத்தார்கள். என்னுடையதும் அந்தப் பூதான். புதுமை செய்ய எனக்கு ஆசையில்லை, நிறங்களே போதிய அளவு குழப்பம் தருகின்றன.

காகிதம் பற்றி இன்னும் கொஞ்சம். சாதாரண ஏ4 தாள் மெல்லியது, இரண்டாம் தடவையே மூலை மழுங்கிவிடும். கலியாண அழைப்பிதழ் அட்டை மொத்தம், துணி மடியாமல் முறைக்கும். மாத நாட்காட்டியின் வழவழத்த தாள் நடுத்தரமானது, எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் ஒரு அறையில் எத்தனை நாட்காட்டி கிடைக்கும்? அலுவலகத்தில் பிழையாக அச்சடித்து ஒதுக்கிய விண்ணப்பப் படிவங்கள் கட்டுக்கட்டாக இருந்தன, நல்ல தடித்த தாளில். கேட்டு வாங்கினேன். அதனால் என் மேல்துணியைத் திருப்பிப் பார்த்தால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் விடுமுறைக்கான காரணம் கேட்டுக்கொண்டிருக்கும். பிரித்தானியாவில் ஆண்டு பொறித்துக் கிடைத்த பட்ச்வேர்க்குகளில் மிகப் பழையது 1718ஆம் ஆண்டின் ஒரு பட்டு விரிப்பு. தைத்தவர்கள் காகிதத்தை உருவவே இல்லை, இன்னும் உள்ளேயே இருக்கிறது. பழைய விரிப்புகளின் வயதைக் கணிக்கிறவர்களுக்கு இப்படி உள்ளே கிடக்கிற கடிதத் துண்டும் கணக்குத் தாளும் பெரிய உதவி. என் விரிப்பு யாருக்காவது கிடைத்தால் இந்த நாட்டு அரச கரும மொழிக் கொள்கையைப் பற்றி ஏதாவது கண்டுபிடிப்பார்கள்.

கொழும்புக்கென்று இரண்டு தொல்லை உண்டு. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் காற்றின் ஈரத்தில் காகிதம் சோர்ந்துவிடும், மடிப்பும் கூடவே சோரும். மற்றது கடல். ஜன்னலைத் திறந்து வைத்தால் உப்புக் காற்று நேரே வந்து ஊசியில் குடியேறும். துரு ஏறிய ஊசி வெள்ளைத் துணியில் விடுகிற புள்ளி எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. ஊசிகளை எண்ணெய் தொட்ட கம்பளித் துண்டில் குத்தி, மூடியுள்ள சிறு டப்பாவில் வைக்கிறேன். மெல்லிய ஷார்ப்ஸ் ஊசி, 9 அல்லது 10ஆம் இலக்கம். நூலைத் தேன்மெழுகில் ஒருதரம் இழுத்தால் இந்த ஈரக் காற்றிலும் முறுக்கிக்கொள்ளாது.

இனித் துணி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

துண்டுத் துணிக்குக் கொழும்பைப் போல ஊர் கிடையாது. காலி வீதியில் 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் ஏறினால் புறக்கோட்டையில் இறக்கிவிடும். அங்கே பிரதான வீதியும் குறுக்குத் தெருக்களும் பழக்கமாக வேண்டும். எல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்காது. தங்கம் என்றால் செட்டியார் தெரு, ஆயுர்வேத மருந்துச் சாமான் என்றால் கபோஸ் ஒழுங்கை. துணிக்கு நான் இரண்டாம் குறுக்குத் தெருவில் தொடங்குவேன். அதற்குக் காரணம் பாதி துணி, பாதி அங்கே நிற்கிற சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1909இல் கட்டி முடித்தது. சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல்லை வரி, சுருள், கட்டம் என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். இரண்டே நிறத்தை வைத்துக்கொண்டு ஒரு சுவரை எப்படி அசையவைக்கலாம் என்பதை அங்கே நின்று கற்றுக்கொள்ளலாம், மூட்டை தூக்குகிற நாட்டாமைகள் "வழி, வழி" என்று தள்ளாமல் விட்டால்.

கடைகளில் பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரிகள். தமிழிலேயே பேரம் பேசலாம். முழு மீற்றர் வாங்காமல் மிச்சத் துண்டு கேட்பவளை முதலில் விசித்திரமாகத்தான் பார்த்தார்கள். "என்னத்துக்குத் தங்கச்சி இவ்வளவு சின்னத் துண்டு? பொம்மைக்குச் சட்டையா?" என்று ஒரு கடை நானா கேட்டார். ரின்னைத் திறந்து ஒரு பூவைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், பிறகு உள்ளே போய் ஒரு பழைய சாம்பிள் புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டார். கம்பனிகள் கடைக்காரருக்கு மாதிரி காட்டக் கொடுக்கிற, உள்ளங்கை அளவுத் துணிகள் ஒட்டிய புத்தகம். ஒன்றரை அங்குல அறுகோணத்துக்கு அளந்து வெட்டியது மாதிரி இருந்தது. காசு வாங்கவில்லை. சிவப்புத் துணியென்றால் தைக்குமுன் வெள்ளை லேஞ்சியை நனைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். சாயம் லேஞ்சியில் வந்தால் அந்தத் துண்டு பக்கத்துத் துண்டையும் கெடுக்கும்.

ஆனால் உண்மையான புதையல் புறக்கோட்டையில் இல்லை, என் ஒழுங்கையின் முனையிலேயே இருந்தது. வெள்ளவத்தை சாறிக் கடைகளின் ஊர். சாறிக் கடை இருந்தால் சட்டை தைக்கிற இடமும் இருக்கும். ஒவ்வொரு சாறிச் சட்டைக்கும் உள்ளே லைனிங் வைக்கவேண்டும், அந்த லைனிங் சாறியின் நிறத்துக்கு ஒத்துப்போக வேண்டும். அதனால் தையல்காரரின் காலடியில் பருத்தி பொப்ளின் துண்டு இல்லாத நிறமே கிடையாது. மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, மயில் கழுத்து, அரக்கு, பெயர் தெரியாத நாலு பச்சை. கடையில் வாங்கப் போனால் ஒவ்வொன்றிலும் குறைந்தது கால் மீற்றர் வாங்கவேண்டும். இங்கே குப்பைப் பை. தையல்கார அக்கா இப்போது எனக்கென்று ஒரு பையைத் தனியாகக் கட்டி வைக்கிறார். பட்டும் ஜரிகையும் கலந்து வரும். அவை வழுக்கும், விளிம்பில் நூல் உதிரும், நான் ஒதுக்கிவிடுவேன். லைனிங் துண்டுதான் சோறு.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பிடிவாதமும் உண்டு. புதுத்துணியை மீற்றர் கணக்கில் வாங்கி, அதைத் துண்டாக்கி, பிறகு திரும்ப ஒட்டுகிறார்கள் அல்லவா, ஒரே கம்பனியின் ஒத்துப்போகும் அச்சுகளைப் பெட்டியாகவே வாங்கி? அழகாகத்தான் வருகிறது. எனக்கு அதில் மனம் போவதில்லை. வேறு வேலைக்கு வெட்டி மிஞ்சியது என்பதில் ஒரு நெருக்கடி இருக்கிறது. அந்த நீலம் இவ்வளவுதான், முடிந்தால் முடிந்தது, வேறு நீலத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துச் சமாளி என்கிற நெருக்கடி. அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் வயலுக்குப் போட்டுத் தேய்ந்த காற்சட்டைகளை வெட்டித் தைத்த குயில்ட்டுகள் 2002இல் அருங்காட்சியகச் சுவர்களுக்கே போயின. முழங்கால் தேய்ந்த இடத்தில் நீலம் வெளுத்திருப்பது, பை கழற்றிய இடத்தில் மட்டும் பழைய கருநீலம் அப்படியே இருப்பது. அதை எந்தக் கம்பனியும் அச்சடித்துத் தர முடியாது. நம்முடைய பக்கத்திலும் இருக்கிறது. வங்காளத்துக் காந்தா பழைய சேலைகளை அடுக்கித் தைப்பது. கர்நாடகத்தில் சித்தி என்ற ஆபிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்களின் கவந்தி ஒரு மூலையில் தொடங்கி உள்நோக்கிப் போவது.

புறக்கோட்டைத் துண்டுகளில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள், 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது, 1992இல் நாடு முழுக்க 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம். கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பெண்கள் வந்து போர்டிங் அறைகளில் நெருங்கி இருந்து தைக்கிறார்கள். ஒருத்தி நாள் முழுக்கக் கொலர் மட்டும், இன்னொருத்தி கை மட்டும். ஊரை விட்டு வந்து கொழும்புப் பக்கம் தைக்கிறவள் என்றால் இந்த நாட்டில் முதலில் அவள்தான். நான் மாலையில் தேநீர் குடித்துக்கொண்டு தைக்கிறவள். வெட்டு மேசையிலிருந்து விழுந்த துணி கிலோக் கணக்கில் விற்கப்பட்டு, கைமாறி, என் ரின்னுக்குள் வருகிறது. அந்தத் துண்டுகளில் சில வேளை சோக்குக் கோடு ஒன்று மிஞ்சியிருக்கும். கழுவினால் போய்விடும்.

வெள்ளவத்தைக்கே இப்படி ஒரு பழைய கதை உண்டு. இப்போது ஹவ்லொக் சிற்றி என்று வானுயர நிற்கிற அடுக்குமாடிகள் இருக்கும் நிலத்தில் முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய சம்பவம். அன்று வேலை செய்தவர்களில் பெரும்பங்கினர் கேரளத்திலிருந்து வந்தவர்கள். அவர்களும் எங்கோ அறை எடுத்துத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் அறையில் மேசை இருந்ததா என்று எனக்கு ஏனோ யோசனை ஓடுகிறது.

வீட்டை விட்டுப் போனவர்கள் தைத்த மேல்துணிகளில் என் மனதை விட்டுப் போகாதது ஒன்று. 1841 ஏப்ரலில் ராஜா என்ற பெயருள்ள கப்பல் இங்கிலாந்தின் வூலிச்சிலிருந்து புறப்பட்டது. உள்ளே ஏறத்தாழ 180 பெண் கைதிகள், இன்றைய தஸ்மானியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள். எலிசபெத் ஃபிரை என்ற சிறைச் சீர்திருத்தக்காரரின் சங்கத்துப் பெண்கள் இப்படிப் போகிறவர்களுக்குத் தையல் பொதி கொடுத்தார்கள்: 100 ஊசி, நூல், கத்தரிக்கோல், திம்பிள் என்கிற விரலுறை, இரண்டு இறாத்தல் துண்டுத்துணி. ஜூலையில் ஹோபார்ட்டில் கப்பல் கரை சேர்ந்தபோது, 2815 துண்டுகள் சேர்ந்த, மூன்று மீற்றருக்கு மேல் நீள அகலமுள்ள ஒரு விரிப்பு இருந்தது. நடுவில் சீத்தைத் துணியிலிருந்து பறவையையும் பூவையும் வெட்டி எடுத்து ஒட்டித் தைத்திருக்கிறார்கள். சில இடத்தில் தையல் தேர்ந்த கை, சில இடத்தில் ஊசி பிடிக்கவே தெரியாத கை. இப்போது கன்பராவில் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. உலகம் முழுக்க அதை ராஜா குயில்ட் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள் பஞ்சு இல்லை, அடித்துணி இல்லை. அதுவும் மேல்துணி மட்டும்தான். "முழுதாகத் தைத்து முடிக்காமல் என்ன" என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கப்பலைத்தான் காட்டுகிறேன்.

அடுத்த நூற்றாண்டில், 1942இல், சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் ஜப்பானியரால் அடைக்கப்பட்ட பெண்கள் மூன்று குயில்ட் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரம். குயில்ட் அந்தப் பக்கம் போனதும், தன் சதுரத்தில் பெயரைத் தைத்தவள் உயிரோடிருக்கிறாள் என்று மறுபக்கத்து ஆண்கள் முகாமுக்குத் தெரியும்.

சரி, ஊர்ப் பேச்சுக்கு வருவோம். நம்மவர்களிடம் இந்த வேலைக்கு மரியாதை எடுப்பது கஷ்டம். ஒட்டுப் போட்ட துணி என்றால் வறுமை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள், ஆனால் கந்தையைக் கூட்டிச் சேர்த்துத் தைத்துக் கட்டிலில் விரி என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்ரி மேலே வந்து பார்த்தார். "உதேன் பிள்ளை உவ்வளவு பாடு? கடையில நல்ல பெட்சீட் விக்கிறாங்கள் எல்லோ." எங்கள் அம்மம்மா இன்னும் கடுமை. 1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பைத் துடைத்துப்போனபிறகு நிவாரணப் பொதிகளில் வெளிநாட்டுக் கம்பளிக் கோட்டுகள் வந்தனவாம். அந்த வெயிலில் யார் போடுவது? அதை வெட்டி, இரண்டு மூன்று நிறத்தை ஒட்டி, பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தாராம். அதற்குப் பிறகு வீட்டில் ஒட்டுத் துணியைக் கண்டாலே எடுத்து ஒளித்து வைப்பார். நான் வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அம்மா காட்டியபோது, "அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் வாறதில்லையா?" என்று கேட்டாராம். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் இதே கொழும்பில் பஸ்ஸில் முன் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் பிக்குவின் அங்கியைப் பாருங்கள். அதுவும் துண்டுகளை இணைத்துத் தைத்தது. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, இப்படி ஓர் அங்கி தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக, பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய நூல் சொல்கிறது. துண்டாக வெட்டிய துணிக்கு விலை போகாது, திருடன் ஆசைப்படமாட்டான். மழைக்காலத் தங்கல் முடிந்தபின் வரும், கட்டின என்ற அங்கி வழங்கும் விழாவில் அங்கியை வெட்டி, தைத்து, சாயமிடுவது எல்லாம் ஒரே நாளில் முடியவேண்டும். ஓர் ஊருக்குள் ஒருவருக்கு வெட்கமான ஒட்டு இன்னொருவருக்கு வணங்கத்தக்கதாக இருக்கிறது. அம்மம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். சொல்லமாட்டேன்.

எங்கே தைக்கலாம், எங்கே முடியாது என்பதும் பழகிவிட்டது. காலி வீதி பஸ்ஸில் ஊசியை எடுப்பது தற்கொலை. கோட்டைக்குப் போகும் கரையோர ரயிலில் காலை நேரம் கையை உயர்த்தவே இடமில்லை. ஊருக்குப் போகிற உதயதேவியில் நன்றாகத் தைக்கலாம். மாகோ தாண்டினால் ஜன்னல் வெளிச்சமும் அமைதியும் சேர்ந்து வரும், ஆட்டமும் ஒரு தாளத்தில் இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் கட்டாயம் பேச்சுக் கொடுப்பார்கள். ஒரு பயணத்தில் ஏறாவூர் அம்மா ஒருவர், தன் முந்தானையில் கிழிசல் ஒன்று இருப்பதாகச் சொல்லி, கையில் ஊசி இருக்கும்போதே தைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். தைத்துக் கொடுத்தேன். ஒரு தோடம்பழம் தந்தார்.

பூக்கள் எல்லாம் இணைந்துவிட்டன, ஓரத்து அரைத்துண்டுகள் மட்டும் பாக்கி. பஞ்சு வைக்கப்போவதில்லை. அடியில் மருதமுனைக் கைத்தறித் துணி, அவ்வளவுதான். மார்கழி தையில் மட்டக்களப்பில் மழை விட்டு விட்டுப் பெய்யும்போது போர்த்த அந்த இரண்டு படை தாராளம். நெசவாளர் வீட்டிலேயே வாங்கித் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார், நிறத்தை மட்டும் நீ சொல்லாதே, நான் பார்த்து எடுக்கிறேன் என்ற நிபந்தனையோடு.

இதற்கிடையில் புதுச் சிக்கல். போன கிழமை அன்ரி ஒரு பொலித்தீன் பையோடு மேலே வந்தார். உள்ளே அவருடைய பழைய நைலெக்ஸ் சாறி, ஊதாவில் வெள்ளைப் பூ. "இதையும் எங்கயாவது ஒரு துண்டு வையுங்கோ பிள்ளை. இவர் கலியாணம் முடிச்ச புதிசில எடுத்துத் தந்தது." நைலெக்ஸ் பருத்தியோடு சேராது. வழுக்கும், மடிப்பு நிற்காது, சூடு பட்டால் உருகும். பின்னால் மெல்லிய லைனிங் துண்டு ஒன்றைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன், ஓரளவு அடங்குகிறது. ஒரு பூ முழுவதையும் அதிலேயே செய்தால் 19 துண்டு. அன்ரி இரண்டு நாளைக்கொருதரம் வந்து, வைத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுப் போகிறார். நேற்று வந்தபோது, வேலைக்கு வேணுமெண்டால் கீழே ஒரு மேசை சும்மா கிடக்குது என்றார்.